ஒரு கிராமின் கனம்

(ஆண்டவரின் தோற்றமாற்ற விழாவன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



இன்று ஆகஸ்ட் 6. பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூன்று சீடரை இயேசு மலைமேல் அழைத்துச் செல்கிறார். அங்கே அவருடைய முகமும் உடையும் அவர்கள் அதுவரை கண்டிராத ஓர் ஒளியால் நிறைந்திருப்பதை அவர்கள் காண்கிறார்கள்.

இந்த விழா வரும்போது நம் இளையோர் நம்மிடம் ஒரு கேள்வியைக் கொண்டு வருகிறார்கள். ஓரிக்கையிலும் சுற்றுவட்டாரத்திலும் நம் பிள்ளைகள் பலர் இயற்பியல் படிக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் ஐன்ஸ்டீனின் சமன்பாட்டைப் பார்க்கிறார்கள்: ஈ சமம் எம்.சி. ஸ்கொயர். பார்த்துவிட்டு, "ஃபாதர், பொருளெல்லாம் ஆற்றலாக மாறும் என்று அறிவியலே சொல்கிறதே, தாபோர் மலையில் இயேசுவின் உடல் ஆற்றலாகத்தான் மாறியதா? கடவுள் என்று நாம் சொல்வதும் அந்த ஆற்றலைத்தானா?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி. இதை அதட்டி அடக்கக் கூடாது. "ஆமாம் தம்பி, அப்படித்தான்" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிடவும் கூடாது. இன்று நம்மில் சிலர் இந்த இரண்டாவது வழியில்தான் போகிறோம். தியானக் கூட்டங்களிலும் கைப்பேசியில் வரும் காணொளிகளிலும், ஐன்ஸ்டீன் கடவுளை நிரூபித்துவிட்டார் என்ற பேச்சை நாம் கேட்கிறோம். ஆகவே அந்தச் சமன்பாடு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதை இன்று சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

1905ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன் மூன்றே பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பே ஒரு கேள்வி. ஒரு பொருளுக்குள் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்தப் பொருளின் நிறை மாறுமா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். மாறும் என்பது அவர் கண்ட விடை. அடுப்பில் வைத்த தண்ணீர் சூடாகும்போது, ஆவியாக ஒரு துளியும் போகாதபடி மூடி வைத்தாலும், அதன் நிறை சற்றே கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது? ஒரு லிட்டர் தண்ணீரை அறையின் வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோனால், ஒரு கிராமை 30 கோடிப் பங்காக்கி அதில் ஒரு பங்கு. நம் ஊரில் எந்தத் தராசும் அதைக் காட்டாது. ஆனால் அந்தக் கூடுதல் உண்மை.

ஒளி நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நிறையோடு மறுபடியும் பெருக்கினால் ஆற்றலின் அளவு கிடைக்கும் என்பதே சமன்பாடு. பெருக்கும் எண் அவ்வளவு பெரியது என்பதால், மிகச் சிறிய நிறைக்கு மிகப் பெரிய ஆற்றல் ஈடாகிறது.

இதை நம் காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நெசவுக்குப் பட்டும் சரிகையும் தரும்போது நிறுத்துத் தருகிறார்கள். நெய்து முடித்துச் சேலையையும் மிச்ச நூலையும் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடியும் நிறுக்கிறார்கள். போனதும் வந்ததும் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால், "எங்கே போயிற்று?" என்ற கேள்வி வரும்.

யுரேனிய அணுக்கரு பிளவுபடும்போது இயற்பியல் அறிஞர்களுக்கும் அதே கேள்விதான் வந்தது. பிளப்பதற்கு முன் நிறுத்தால் ஒரு கணக்கு. பிளந்த பின் துண்டுகளையெல்லாம் கூட்டி நிறுத்தால், ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு காணவில்லை. எங்கே போயிற்று?

இங்கேதான் கவனம் தேவை. "அந்த அளவு பொருள் அழிந்து ஆற்றலாகிவிட்டது" என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் அணுக்கருவில் இருந்த புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் எண்ணிப் பார்த்தால், பிளவுக்கு முன் இருந்த மொத்த எண்ணிக்கை பிளவுக்குப் பின்னும் அப்படியே இருக்கிறது. ஒன்றுகூட அழியவில்லை. அவை ஒன்றோடொன்று கட்டுண்டிருந்த விதம் மட்டும் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்தில் வெளிப்பட்ட ஆற்றல் துண்டுகளின் வேகமாகவும் வெப்பமாகவும் கதிராகவும் வெளியே போனது. அது போகும்போது தன் நிறையையும் எடுத்துக்கொண்டு போனது. அந்த வெப்பமும் கதிரும் துளியும் வெளியேறாதபடி எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடைத்து நிறுக்க முடிந்தால், பெட்டியின் நிறையில் குறைவே இருக்காது. கணக்கு சரியாக இருக்கும்.

அப்படியானால் சமன்பாடு சொல்வது இதுதான்: நிறை, ஆற்றல் என்று நாம் தனித்தனியாக எழுதிவந்த இரண்டு கணக்குகள் உண்மையில் ஒரே கணக்கு. பொருள் என்பது பொய், ஆற்றல்தான் மெய் என்று அது சொல்லவில்லை. நிறை என்பது பொருளின் ஒரு தன்மை. ஆற்றலும் ஒரு தன்மைதான். சந்தையில் ஓர் ஆட்டைப் பிடித்து நிறுத்து, 20 கிலோ என்கிறோம். அந்த 20 கிலோ ஆடு ஆகிவிடுமா? அது புல் மேயுமா, குட்டி போடுமா?

அன்பார்ந்தவர்களே, இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தச் சமன்பாட்டைத் தவறாகப் பிடித்துக்கொண்டு மூன்று பொய்கள் நம் வீடுகளுக்குள் நுழைகின்றன.

முதலாவது, கடவுள் ஓர் ஆற்றல் என்பது. ஆற்றலை அளக்கலாம், வாங்கலாம், விற்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நாம் மின்கட்டணம் கட்டுவது ஆற்றலுக்குத்தான். சுவிட்சைப் போட்டால் வரும், அணைத்தால் நிற்கும். அது நம்மை அறியாது. நம் பெயர் சொல்லி அழைக்காது. நாம் அழுதால் அதற்குத் தெரியாது. தந்தையே என்று நாம் அழைக்கும் கடவுளை அந்த இடத்தில் வைத்தால், செபம் என்பது சுவிட்சைத் தேடும் வேலையாகிவிடும். எத்தனை முறை சொன்னால், எத்தனை மெழுகுவர்த்தி ஏற்றினால் வேலை நடக்கும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவோம். உறவு போய்விடும்.

இரண்டாவது, உடல் ஒன்றுமில்லை, எல்லாம் ஆற்றல்தான் என்பது. "உங்கள் உடம்பே ஆற்றல்தானே, மாத்திரை எதற்கு?" என்று சொல்லிக்கொண்டு வளையலும் அட்டையும் நீரும் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். இதை நம்பி, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை யாரும் நிறுத்த வேண்டாம். அந்தச் சமன்பாடு மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. உடலை இழிவாக எண்ணும் போதனைகளைத் திருச்சபை தன் முதல் நூற்றாண்டுகளிலேயே மறுத்துவிட்டது. வார்த்தை மனிதரானார் என்று நாம் அறிக்கையிடுகிறோம். தண்ணீரால் திருமுழுக்குத் தருகிறோம், எண்ணெயால் பூசுகிறோம், அப்பத்திலும் இரசத்திலும் ஆண்டவரைப் பெறுகிறோம். பொருளைக் கடவுள் படைத்தார். அது நல்லது என்று கண்டார். அதை நாம் கைவிட வேண்டியதில்லை.

மூன்றாவது, அறிவியல் நம் விசுவாசத்தை நிரூபித்துவிட்டது என்பது. இது கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் அதுவும் நல்ல வழி அல்ல. இதற்கு நம் திருச்சபையின் வரலாற்றிலேயே ஒரு பாடம் உண்டு.

பெல்ஜியம் நாட்டில் ஜார்ஜ் லெமெத்ர் என்ற குரு இருந்தார். 1923இல் குருப்பட்டம் பெற்றவர். ஐன்ஸ்டீனின் கோட்பாட்டை ஆழக் கற்ற இயற்பியல் பேராசிரியர். பேரண்டம் விரிந்துகொண்டிருக்கிறது என்று 1927இல் எழுதினார். அது தொடக்கத்தில் ஒரே அணு போல் செறிந்திருந்து விரிந்திருக்க வேண்டும் என்று 1931இல் எழுதினார். பெருவெடிப்பு என்று இன்று நம் பிள்ளைகள் படிப்பதன் தொடக்கம் அதுதான். 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், திருத்தந்தையின் அறிவியல் கழகத்தில் உரையாற்றியபோது, இந்தக் கண்டுபிடிப்பு படைப்பைப் பற்றிய நம் போதனைக்குச் சான்று சொல்வதுபோல் இருப்பதாக மகிழ்ச்சியோடு பேசினார். அந்தக் கோட்பாட்டைத் தந்த குருவுக்கே அது சங்கடமாக இருந்தது. அறிவியல் கோட்பாடு நாளை திருத்தப்படலாம். விசுவாசத்தை அதன்மேல் கட்டக் கூடாது என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டு உரோமையில் கூடிய வானியல் அறிஞர்களிடம் திருத்தந்தை பேசியபோது அந்த வாதத்தைத் திரும்பச் சொல்லவில்லை. லெமெத்ர் அடிகளார் பின்னர், 1960இல், அதே அறிவியல் கழகத்தின் தலைவரானார்.

அவர் காலையில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். பகலில் கணக்குப் போட்டார். இரண்டையும் நேர்மையாகச் செய்தார். ஒன்றுக்கு மற்றொன்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை. இன்றைய இரண்டாம் வாசகத்தில் பேதுருவும் இதே நேர்மையைத்தான் காட்டுகிறார். சாமர்த்தியமாகப் புனைந்த கதைகளை வைத்து நாங்கள் உங்களிடம் வரவில்லை, கண்ணால் கண்டதைச் சொல்கிறோம் என்பது அவர் வாதம். நாமும் விசுவாசத்துக்கு உதவுகிறோம் என்று எண்ணிச் சாமர்த்தியக் கதைகள் சொன்னால், பள்ளியில் சரியாகப் படித்த பிள்ளை ஒருநாள் அதைக் கண்டுபிடிப்பான். அப்போது கதையோடு சேர்த்து நற்செய்தியையும் தூக்கி எறிந்துவிடுவான். அந்தப் பழி நம்மைச் சேரும்.

இனி, அந்தச் சமன்பாடு சொல்லவே சொல்லாத ஒன்றுக்கு வருவோம்.

ஒரு கிராமை எடுத்துக்கொள்வோம். ஒரு சிட்டிகை உப்பு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஈடான ஆற்றல் ஏறக்குறைய 2.5 கோடி யூனிட். ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். அந்த அளவோடு வாழும் 40,000 வீடுகளுக்கு ஓர் ஆண்டு முழுவதும் போதுமான ஆற்றல் அது. நம் மாவட்டத்தை அடுத்துள்ள கல்பாக்கத்தில் 220 மெகாவாட் அணுமின் உலை ஒன்று முழுத் திறனோடு ஓடும் நாளில் வெளிப்படும் வெப்பத்தைக் கணக்கிட்டால், நாள் ஒன்றுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான நிறைதான் வருகிறது. அந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாகிறது. அதுவே எத்தனையோ வீடுகளில் விளக்காகவும் மோட்டாராகவும் மருத்துவமனைக் கருவியாகவும் மாறுகிறது.

அதே ஒரு கிராம். 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகி நகரத்தின்மேல் வீசப்பட்ட குண்டில் வெளிப்பட்ட ஆற்றலுக்கு ஈடான நிறையும் ஏறக்குறைய ஒரு கிராம்தான். குண்டு வெடித்த இடத்துக்கு அருகில் உரக்காமி பேராலயம் இருந்தது. பல தலைமுறைகளாக மறைவில் விசுவாசத்தைக் காத்த கத்தோலிக்கரின் வழித்தோன்றல்கள் கட்டிய ஆலயம் அது. அன்னையின் விண்ணேற்பு விழாவுக்கு ஆயத்தமாக அன்று ஒப்புரவு அருட்சாதனம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த இரண்டு குருக்களும் விசுவாசிகளும் இறந்தார்கள். அந்தப் பங்கின் சுமார் 12,000 மக்களில் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டார்கள்.

அதற்கு மூன்று நாள் முன்பு, இதே ஆகஸ்ட் 6 அன்று, ஜப்பான் நேரப்படி காலை 8.15 மணிக்கு, நம் இன்றைய நேரக் கணக்கில் அதிகாலை 4.45 மணிக்கு, ஹிரோஷிமாவில் முதல் குண்டு விழுந்தது. தோற்றமாற்ற விழாவன்று அந்த நகரத்து மக்களும் கண் கூசும் ஓர் ஒளியைக் கண்டார்கள். அந்த ஒளி அவர்கள் உடல்களை எரித்தது. அதற்கு முந்தைய ஜூலை 16 அன்று அமெரிக்கப் பாலைவனத்தில் நடந்த முதல் சோதனைக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? மூவொரு கடவுளைக் குறிக்கும் சொல்லாகிய திரித்துவம். அளவில்லாத அன்பைக் குறிக்கும் பெயரை அளவில்லாத அழிவுக்குச் சூட்டினார்கள்.

கல்பாக்கத்துக்கும் நாகசாகிக்கும் சமன்பாடு ஒன்றே. அதில் "செய்" என்றும் இல்லை, "செய்யாதே" என்றும் இல்லை. 2019 நவம்பரில் ஹிரோஷிமாவில் நின்று திருத்தந்தை பிரான்சிஸ், அணு ஆற்றலைப் போருக்குப் பயன்படுத்துவது ஒழுக்கக்கேடு, அந்த ஆயுதங்களை வைத்திருப்பதும் ஒழுக்கக்கேடு என்று சொன்னார். அந்தத் தீர்ப்பு மனச்சான்றிலிருந்து வந்தது. மனச்சான்றை இயற்பியல் புத்தகத்தில் தேடிப் பயனில்லை.

மின் உலைகளின் காரியத்திலும் இதை நாம் மறக்கக் கூடாது. 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா உலைகளில் விபத்து நேர்ந்தபின், நெல்லை மாவட்டம் இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்தின் முன் மீனவ மக்கள், பெண்களும் குழந்தைகளுமாக, பந்தல் போட்டு உண்ணாநோன்பு இருந்தார்கள். பக்கத்தில் கூடங்குளத்தில் எழும்பிய உலைகளைப் பற்றிய அச்சம் அவர்களுக்கு. உலை பாதுகாப்பானது என்று வல்லுநர்கள் கணக்குக் காட்டினார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அனுமதி தந்தது. அந்த மின்சாரம் தேவை என்று சொல்பவர்களும் நம் பங்குகளில் உண்டு. அந்த மக்களின் அச்சத்தைத் தங்கள் அச்சமாகக் கொண்டவர்களும் உண்டு. இரு தரப்பாருமே ஆண்டவரின் பிள்ளைகள். ஆனால் ஒன்றை இருவருமே கேட்டாக வேண்டும்: விளக்கு எரிவது யார் வீட்டில், அச்சத்தோடு உறங்குவது யார் வீட்டில்? அந்தக் கேள்விக்கு எம்.சி. ஸ்கொயரில் விடை இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டால்தான் விடை தெரியும்.

இப்போது நம் இளையோரின் கேள்விக்கு வருவோம். மலைமேல் இயேசுவின் உடல் ஆற்றலாக மாறியதா? கணக்கே விடை சொல்கிறது. ஒரு கிராம் ஒரு நகரத்தை அழித்தது. 60 கிலோ எடையுள்ள ஒரு மனித உடல் முழுவதும் அப்படி மாறியிருந்தால், அது நாகசாகியைப் போல் 60,000 மடங்கு. சீடர்களும் இல்லை, மலையும் இல்லை, நற்செய்தி எழுத ஆளும் இல்லை. ஆகவே, தம்பிகளே, தங்கைகளே, அங்கே நடந்தது அணுக்கரு இயற்பியல் அல்ல.

பின் என்ன நடந்தது? மத்தேயு ஒரு சிறு விவரத்தைத் தருகிறார். ஒளியைக் கண்டு, மேகத்திலிருந்து குரலைக் கேட்டுச் சீடர்கள் அஞ்சி முகங்குப்புற விழுகிறார்கள். இயேசு அவர்கள் அருகில் வந்து அவர்களைத் தொடுகிறார். தொடுவதற்கு அவருக்குக் கை இருக்கிறது. தச்சு வேலை செய்த கை, தொழுநோயாளியைத் தொட்ட கை, பின்னர் ஆணி அறையப்படப் போகும் கை. ஒளி வந்தபோது உடல் காணாமல் போகவில்லை. அந்த உடலுக்குள் எப்போதும் இருந்த மாட்சியைச் சீடர்கள் அன்று காண முடிந்தது.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் மாட்சியைக் குறிக்கும் சொல்லுக்கு வேர்ப்பொருள் என்ன தெரியுமா? கனம், எடை. நம் தமிழிலும் அப்படித்தானே? மூட்டை கனமாக இருக்கிறது என்கிறோம். பெரியவர்களைக் கனம்பண்ணு என்றும் சொல்கிறோம். ஒரே சொல். ஒருவரைக் கனம்பண்ணுவது என்றால் அவர் எடையுள்ளவர், தள்ளிவிட முடியாதவர் என்று ஒப்புக்கொள்வது.

இயேசு மலையிலேயே தங்கிவிடவில்லை. கூடாரம் போடலாம் என்ற பேதுருவின் ஆசை நிறைவேறவில்லை. கீழே இறங்கி வருகிறார்கள். கீழே ஒரு தகப்பன் நோயுற்ற தன் மகனுக்காகக் காத்திருக்கிறான். தீயிலும் தண்ணீரிலும் அடிக்கடி விழுகிற மகன். மலைமேல் ஒளிர்ந்தவர் அந்த மகனைக் குணமாக்குகிறார். அவருக்கு அந்தப் பிள்ளையின் உடல் கனமானது.

அன்பார்ந்தவர்களே, இந்த விழா நம்மிடம் கேட்பது பெரிய காரியம் அல்ல. பிள்ளைகளே, இயற்பியலை நன்றாகப் படியுங்கள். சமன்பாட்டை அது சொல்லும் அளவுக்கு நம்புங்கள். அது சொல்லாததை அதன் வாயில் திணிக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். தெரிந்தவரிடம் அழைத்துப்போய்க் கேட்க வையுங்கள். நாம் அனைவரும் இன்று மாலை செபமாலையில் ஒரு பத்தை ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் இறந்தோருக்காகவும், இனி எந்த நகரத்திலும் அந்த ஒளி எழாதிருக்கவும் ஒப்புக்கொடுப்போம். பிறகு நம் தெருவில் ஆற்றலெல்லாம் வற்றிப் படுத்திருக்கும் ஒருவரைப் பார்த்துவர ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். தறியிலிருந்து இறங்கி நாளாகிவிட்ட முதியவராக இருக்கலாம், படுக்கையைவிட்டு எழ முடியாத தாயாக இருக்கலாம். எந்தத் தராசும் காட்டாத கனம் அவர்களுக்கு உண்டு. அவர்கள் கையைத் தொட்டுப் பேசிவிட்டு வருவோம்.

செபிப்போம். ஒளியின் ஆண்டவரே, மண்ணையும் விண்ணையும் படைத்தவரே, நீர் படைத்த பொருளின் இரகசியங்களை அறியும் அறிவை எங்களுக்குத் தந்தீர். அதை அழிவுக்குப் பயன்படுத்தாத மனச்சான்றையும் தாரும். உம் திருமகன் அணிந்த உடலை எங்கள் அயலாரில் கண்டு கனம்பண்ண அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.